முதியோர் இல்லம் என்றாலே கண்ணீர்தானா?

தீபாவளி, பொங்கல், அன்னையர் தினம், அக்டோபர் 1 முதியோர் தினம். இந்த நாட்களில் நம் சேனல்களுக்குத் தவறாமல் முதியோர் இல்லங்களின் ஞாபகம் வந்துவிடும். 'பெற்ற பிள்ளைகளே கைவிட்ட அவலம்' என்று ஒரு தலைப்பு, நாலு அழுத முகங்கள், முடிந்தது. எனக்குக் கோபம்தான் வருகிறது. பிள்ளைகளின் பாவத்துக்குச் சாட்சி சொல்ல மட்டும்தான் அங்கிருப்பவர்கள் திரைக்கு வருகிறார்கள். சாப்பாடு எப்படி, ராத்திரி விழுந்தால் தூக்க ஆள் உண்டா என்று யாரும் கேட்பதில்லை.

என் பெரியம்மா கோவையில் ஓர் இல்லத்தில் இருக்கிறார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பென்ஷனில் பணம் கட்டி, தானே முடிவெடுத்துப் போனவர். போன தீபாவளிக்கு ஒரு சேனலிலிருந்து வந்தார்கள். இரவில் இரண்டு மாடிக்கும் சேர்த்து ஒரே ஆயாதான், பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை என்று பெரியம்மா விவரமாகச் சொல்லியிருக்கிறார். எல்லாம் கேட்டுவிட்டு அந்தத் தம்பி, "பசங்க ஞாபகம் வருதாம்மா?" என்றாராம். டிவியில் வந்தது பெரியம்மா முந்தானையால் கண்ணைத் துடைப்பது மட்டும், பின்னணியில் சோக வயலின். கண்புரை ஆபரேஷன் முடிந்து சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்த நேரம் அது! சொந்தக்காரர்கள் பெங்களூரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டுத் திட்டினார்கள். பாத்ரூம் கம்பி இன்னும் வரவில்லை.

கைவிடப்பட்டவர்களே இல்லை என்று சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள், அந்தச் செய்தி வரத்தான் வேண்டும். ஆனால் 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், உதவிக்கு 14567 என்ற எண் இருக்கிறது என்று கீழே ஒரு வரி ஓடவிட்டால், பார்க்கிற நாலு பேருக்காவது உதவும். அதே சட்டத்தின் 19ஆம் பிரிவு, மாவட்டத்துக்கு ஒன்றாவது, குறைந்தது 150 ஆதரவற்ற முதியவர்கள் தங்கும்படி அரசு இல்லம் அமைப்பது பற்றிப் பேசுகிறது. உங்கள் மாவட்டத்தில் அது எங்கே என்று மைக்கை ஆட்சியரிடம் நீட்டுங்களேன்.

2018 பிப்ரவரியில் உத்திரமேரூர் பக்கம் பாலேஸ்வரத்தில் ஓர் இல்லம் பற்றிச் செய்தி வெடித்தது. எலும்புக் கடத்தல் வதந்தி வரை போனது. அங்கிருந்தவர்களை வெவ்வேறு இடங்களுக்கு மாற்றினார்கள். விசாரணை வேண்டியதுதான். ஆனால் நான் பார்த்த விவாதங்களில் "உங்களுக்கு எங்கே போக விருப்பம்?" என்று அந்த முதியவர்களிடம் கேட்டவர் யாருமில்லை.

இன்னொன்று. சிறார் நீதிச் சட்ட வழக்குகளில் குழந்தையின் அடையாளத்தை வெளியிடச் சட்டம் தடை போடுகிறது. ஞாபகமறதி நோயில் தன் பெயரே தெரியாமல், நைட்டி நனைந்து படுத்திருக்கும் பாட்டியின் முகத்தை மட்டும் எந்த உரிமையில் குளோசப்பில் காட்டுகிறீர்கள்? சம்மதம் யாரிடம் வாங்கினீர்கள்?

நிருபர் நண்பர்களே, அடுத்த முறை பண்டிகை நாளில் போகாதீர்கள். ஏதாவது ஒரு சாதாரண நாளில் இரவு ஒன்பது மணிக்குப் போங்கள். பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள், டாக்டர் கடைசியாக எப்போது வந்தார் என்று கேளுங்கள். அப்புறம் அங்கிருப்பவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள், அவர்கள் சொல்வதை வெட்டாமல் போடுங்கள்.