‘ஓகே சார்’ என்றால் என்ன அர்த்தம்?

நேற்று 20ஆம் தேதி. மாதாந்தர ஜிஎஸ்டி கணக்கான ஜிஎஸ்டிஆர்-3பி படிவத்தைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

காலை 10 மணிக்கே வாடிக்கையாளர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்: “இந்த மாத வரி 84,300 ரூபாய். செலான் இணைத்திருக்கிறேன். மாலை 5 மணிக்குள் கட்டிவிட்டுச் சொல்லுங்கள்.”

“ஓகே சார்” என்று பதில் வந்தது.

என்ன ஓகே? கட்டிவிட்டாரா? கட்டப் போகிறாரா? படித்துவிட்டேன் என்கிறாரா? 3 மணிக்குத் திரும்பவும் கேட்டேன். ஒரு கட்டைவிரல் படம் வந்தது. 6 மணிக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. இரவு 11 மணிவரை போர்ட்டலைத் திறப்பதும் மூடுவதுமாக உட்கார்ந்திருந்தேன். வரியைக் கட்டாமல் 3பி-யைத் தாக்கல் செய்ய வழியே கிடையாது. இன்று காலை அவரே அழைத்து, “செலானைப் பார்த்துவிட்டேன் என்றுதானே சொன்னேன், பணம் திங்கட்கிழமைதான் வரும்” என்கிறார். இனி நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. அது அவர் பணம், போகட்டும். “இன்று கட்ட முடியாது” என்ற மூன்று சொற்களை நேற்றுக் காலையிலேயே எழுதியிருந்தால், என் மகள் தூங்குவதற்கு முன் நான் வீட்டுக்குப் போயிருப்பேன்!

வெளியாட்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. எங்கள் மேலாளர் போன வாரம் குழுவில் ஒரு செய்தி போட்டார்: “அந்த பனியன் கம்பெனி நோட்டீஸை யாராவது பார்த்துவிடுங்கள்.” எந்த பனியன் கம்பெனி? எங்களிடம் 14 பனியன் கம்பெனிகளின் கணக்கு இருக்கிறது. எந்த ஆண்டுக்கான நோட்டீஸ்? அந்த ‘யாராவது’ யார்? குழுவில் ஒன்பது பேர். ஒன்பது பேரும் இன்னொருவர் பார்ப்பார் என்று விட்டுவிட்டோம்.

இது அவசரத்தில் வரும் பிழை என்று முன்பு நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. பெயரும் தேதியும் போட்டு எழுதினால், பொறுப்பு எழுதியவர் மேலும் விழும். மொட்டையாக எழுதிவிட்டால், நாளைக்குத் தவறு நடக்கும்போது “நான்தான் அன்றைக்கே சொன்னேனே” என்று கையைக் கழுவிவிடலாம். திட்டு வாங்குவது கீழே இருப்பவன்.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் “வணக்கம் சார்” என்று மட்டும் அனுப்பிவிட்டு, நான் பதில் சொல்லும்வரை அரை மணி நேரம் காத்திருக்கிறார்கள். எடுத்தவுடன் விஷயத்தைக் கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்ற பயம். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, வருத்தம்தான். தம்பி, வணக்கத்தோடு சேர்த்துச் சந்தேகத்தையும் ஒரே செய்தியில் எழுதிவிடுங்கள். என் நேரத்தைக் காப்பாற்றுவதும் எனக்குச் செய்யும் மரியாதைதான்.

2013 ஜூலையில் தந்திச் சேவையை நிறுத்தினார்கள். அதில் ஒவ்வொரு சொல்லும் காசு. ஆனாலும் யார், எங்கே, எப்போது வர வேண்டும் என்பது நாலே சொல்லில் விளங்கியது. இன்றைக்கு எவ்வளவு எழுதினாலும் கூடுதல் காசில்லை. அப்படியிருந்தும் கம்பெனியின் பெயரை எழுத மனம் வரவில்லை.

அந்த நோட்டீஸுக்குப் பதில் கொடுக்க இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறதாம். எந்தக் கம்பெனி என்று மூன்றாவது முறையாக இப்போதுதான் கேட்டு எழுதினேன். நீலக் குறி விழுந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது.