ஒன்பதாவது பெட்டி

சித்தப்பா: என் மாடல் ரயில் ஏற்றத்தில்தான் இரண்டாகப் பிரிகிறது. அதனால் ஏற்றத்தையே எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

கயல்: கொஞ்ச நாள் முன்னால் லெவல் கிராஸிங்கை எடுத்தீர்கள்.

சித்தப்பா: அங்கே தடம் புரண்டதே!

கயல்: அதற்கு முன்னால் வண்டி தடம் மாறும் பாயிண்ட் ஒன்றைப் பிடுங்கிப் போட்டீர்கள்.

சித்தப்பா: அதுவும் சரியில்லை. வண்டி அதில் ஏறினாலே ஒரு துள்ளு துள்ளும்.

கயல்: பேசாமல் தண்டவாளம் மொத்தத்தையும் எடுத்துவிடுங்கள் சித்தப்பா. அப்புறம் ஒரு பெட்டிகூடத் தடம் புரளாது.

சித்தப்பா: கிண்டலா? எத்தனை வருஷமாக ரயில் ஓட்டுகிறேன் தெரியுமா?

கயல்: நான் பார்க்கும்போதெல்லாம் கீழே விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். சரி, சரியாக எந்த இடத்தில் பிரிகிறது?

சித்தப்பா: ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் நடுவில். ஒன்பது பெட்டி இன்ஜினோடு ஜம்மென்று போய்விடும். மிச்சமெல்லாம் பின்னால் உருண்டு வந்துவிடும். பத்தாவது பெட்டி ராசியில்லாத பெட்டி.

கயல்: இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தீர்களா?

சித்தப்பா: ஐயையோ, இடத்தை மாற்றவே கூடாது. அடியில் நம்பர் எழுதி வைத்திருக்கிறேன் பார். இந்த வரிசையில்தான் கோர்க்க வேண்டும்.

கயல்: இது சரக்கு வண்டி. வேண்டிய பெட்டியைக் கழற்றி வேண்டிய இடத்தில் சேர்க்கத்தானே கப்ளர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்?

சித்தப்பா: நீதானேம்மா சொன்னாய், அடுத்தடுத்த பெட்டிகளின் கப்ளர் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்று! அதைத்தான் செய்தேன். இன்ஜினைப் பார்த்து முதல் பெட்டியைச் சரி செய்தேன். முதலைப் பார்த்து இரண்டாவது. இரண்டைப் பார்த்து மூன்று.

கயல்: மூன்றைப் பார்த்து நான்கு.

சித்தப்பா: கரெக்ட்.

கயல்: எதை வைத்து அளந்தீர்கள்?

சித்தப்பா: அளப்பதற்கு என்ன இருக்கிறது? கண்ணளவு போதும்.

(கண்ணளவுக்காரர்கள் எல்லோரிடமும் கப்ளர் உயரம் பார்க்கும் நல்ல கேஜ் ஒன்று இருக்கும். வாங்கி வந்த உறைக்குள்ளேயே, தூசி படாமல், கண்ணாடி அலமாரியில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கும்.)

கயல்: ஒவ்வொரு பெட்டியும் முன்னதைவிட ஒரு மயிரிழை இறங்கினால், ஒன்பதாவது வரும்போது எங்கே இருக்கும்?

சித்தப்பா: கொஞ்சம் தாழ்ந்துதான் போனது. கப்ளருக்கு அடியில் தொங்கும் கம்பி தண்டவாளக் கட்டையை உரச ஆரம்பித்தது. அதனால் பத்தாவதைச் சற்றுத் தூக்கிவிட்டேன்.

கயல்: எவ்வளவு?

சித்தப்பா: மனசுக்குத் திருப்தியாகும் வரைக்கும்.

கயல்: ராசியில்லாத பெட்டி எது என்று இப்போது தெரிகிறதா? பத்தாவது இல்லை சித்தப்பா, ஒன்பதாவது. இரண்டையும் கோர்த்துப் பக்கவாட்டில் பாருங்கள். ஒரு கப்ளரின் மடங்கும் விரல் இன்னொன்றின் விரலை நுனியில்தான் பிடித்திருக்கிறது. சமதளத்தில் இழுத்துக்கொண்டு போய்விடும். ஏற்றம் தொடங்கும் இடத்தில் ஒரு பெட்டி சாய்ந்திருக்கும், அடுத்தது இன்னும் மட்டமாக இருக்கும். அந்த நேரத்தில் கப்ளர்கள் கொஞ்சம் மேலும் கீழுமாக நகரத்தான் செய்யும். முழுதாகப் பிடித்திருந்தால் தாங்கும். நுனியில் தொங்கினால் வழுக்கிவிடும்.

சித்தப்பா: அதனால்தான் சொல்கிறேன், ஏற்றத்தை எடுத்துவிட்டால்...

கயல்: அந்த லெவல் கிராஸிங்கும் இதே கதைதான். ஒன்பதாவதின் கம்பி பலகையில் இடித்திருக்கும். பாயிண்டும் அப்படித்தான். ஒரு பெட்டிக்காக ஊரையே இடித்துக்கொண்டு வருகிறீர்கள். கேஜை எடுங்கள்.

சித்தப்பா: அது ஆபத்தான சாமான் அம்மா. தண்டவாளத்தில் வைத்ததும் பொறி பறந்தது, கன்ட்ரோலரே நின்றுவிட்டது.

கயல்: கரண்ட் ஓடிக்கொண்டிருந்ததா?

சித்தப்பா: வண்டி ஓடும்போதுதானே அளக்க முடியும்?

கயல்: அது உலோகம். இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே உலோகத்தை வைத்தால் ஷார்ட் ஆகாமல் என்ன செய்யும்? ஒரு துண்டுத் தண்டவாளத்தைப் பலகையில் அடித்துத் தனியாக மேசை மேல் வைத்துக்கொள்ளுங்கள். கரண்டே வேண்டாம். எச்.ஓ. என்ற இந்த மாடல் அளவில் தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து கப்ளரின் நடுப்பகுதி 25/64 அங்குலம், பத்து மில்லிமீட்டருக்குத் துளி குறைவு. கேஜின் முனையில் ஒரு கப்ளர் அந்த உயரத்தில் நிற்கும். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து அதனோடு சேருங்கள். சேர்ந்ததா, உயரம் ஒன்றாக இருக்கிறதா, அவ்வளவுதான் பார்க்க வேண்டும்.

சித்தப்பா: முதல் பெட்டி இடிக்கிறது.

கயல்: தாழ்வாக இருக்கிறது.

சித்தப்பா: இரண்டாவதும்.

கயல்: அதைவிடத் தாழ்வு.

சித்தப்பா: ஒருவேளை கேஜ் தப்பாக இருந்தால்?

கயல்: இருக்கிற பெட்டி அத்தனையும் சரி, கேஜ் ஒன்றுதான் தப்பு?

சித்தப்பா: இருக்கலாம் இல்லையா? மெஷினில் செய்தது. நான் கையால் செய்தது.

கயல்: இன்ஜினை வையுங்கள்.

சித்தப்பா: இன்ஜினும் தாழ்வு.

கயல்: தலையே தப்பு. வால் எப்படி நேராக வரும்?

சித்தப்பா: நிஜ ரயில்காரன் அந்தக் காலத்தில் கேஜா வைத்துக்கொண்டிருந்தான்?

கயல்: இல்லை. அதனால் அவனுக்கு விரல் போனது. அமெரிக்காவில் ஒரு காலத்தில் பெட்டிகளைக் கண்ணியும் ஆணியும் வைத்துத்தான் கோர்த்தார்கள். இரண்டு பெட்டி நெருங்கி வரும்போது நடுவில் ஆள் நின்று கண்ணியைக் கையால் பிடித்து நேராக்கி ஆணியைப் போட வேண்டும். ஈலை ஜேனி இந்த விரல் மடக்கு கப்ளருக்கு 1873-ல் காப்புரிமை வாங்கினார். ரயில் கம்பெனிகள் எல்லாம் தானாக மாட்டும் கப்ளர் வைத்தே தீர வேண்டும் என்று சட்டம் வந்தது 1893-ல். நடுவில் இருபது வருஷம் விரல் போய்க்கொண்டேதான் இருந்தது. அந்தச் சட்டத்திலேயே கப்ளருக்கு ஒரே உயரம் வைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எங்கிருந்து அளக்கச் சொன்னார்கள் தெரியுமா? தண்டவாளத்தின் மேற்பரப்பிலிருந்து. பக்கத்துப் பெட்டியிலிருந்து இல்லை.

சித்தப்பா: எனக்குப் பத்து விரலும் இருக்கிறது.

கயல்: அதுதான் பிரச்சினை. ஒரு விரலாவது நசுங்கியிருந்தால் உறையிலிருந்து கேஜை எடுத்திருப்பீர்கள்.

(கொஞ்ச நேரம் பேச்சில்லை. இரண்டாம் பெட்டியைத் திருப்பிப் போட்டார்கள்.)

கயல்: போகியை, அதாவது பெட்டிக்கு அடியில் இருக்கும் சக்கரத் தொகுதியைக் கழற்றி, பெட்டிக்கும் அதற்கும் நடுவில் மெல்லிய ஃபைபர் வாஷர் ஒன்று போடுங்கள். இதென்ன, ஏற்கெனவே ஏதோ இருக்கிறது?

சித்தப்பா: அட்டை. அழைப்பிதழில் வெட்டியது.

கயல்: ஒரு பக்கம் நசுங்கியிருக்கிறது பாருங்கள். வாஷர் போட்டதும் ஒரு போகியின் ஸ்க்ரூவை, அது திரும்ப மட்டும் இடம் விட்டு இறுக்குங்கள். இன்னொன்றை அரைச் சுற்று தளர்த்துங்கள், பக்கவாட்டில் லேசாக ஆடட்டும். அப்போதுதான் மேடுபள்ளத்தில் நான்கு மூலைச் சக்கரமும் தண்டவாளத்தை விடாது. இப்போது உயரம் சரி. கப்ளர் ஏன் இப்படி ஒரு பக்கமாகவே நிற்கிறது?

சித்தப்பா: அது ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு சொட்டு பசை விட்டேன்.

கயல்: பசை!

சித்தப்பா: எல்லாவற்றுக்கும் இல்லை. மற்றதுக்கெல்லாம் எண்ணெய்.

கயல்: ஆடத்தான் வேண்டும் சித்தப்பா. பல்குச்சியால் பக்கவாட்டில் தள்ளிவிட்டால் தானாக நடுவுக்குத் திரும்ப வேண்டும். இது கழுத்து சுளுக்கியவர் மாதிரி தள்ளிய பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறது. வளைவில் போகும்போது கப்ளர் திரும்பாவிட்டால் பெட்டியைத்தான் தள்ளும். எண்ணெய் விட்டதெல்லாம் தூசி பிடித்துக் களிம்பாகிவிட்டது. கப்ளர் உட்கார்ந்திருக்கும் டப்பாவைத் திறந்து துடைத்து, உள்ளே பிளாஸ்டிக் பிசிர் இருந்தால் அரத்தால் தேய்த்துவிட்டு, கிராஃபைட் தூள் ஒரு சிட்டிகை போடுங்கள். ஈரமாக எதுவும் வேண்டாம்.

சித்தப்பா: திறந்தால் ஸ்பிரிங் பறந்துவிடும்.

கயல்: கையை ஒரு பெரிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். பறந்தாலும் பைக்குள்ளேதான் கிடக்கும். இதுவரை எத்தனை பறந்திருக்கிறது?

சித்தப்பா: தரையில் எங்கேயோ இருக்கின்றன. மிதித்தால் தெரியும்.

கயல்: அடுத்து இந்தக் கம்பி. கேஜில் கீழே ஒரு சின்ன மேடை இருக்கிறதே, அதன் மேல் படாமல் போக வேண்டும். தண்டவாளத்துக்கும் கம்பிக்கும் 1/32 அங்குலம், முக்கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. குறட்டால் கம்பியின் வளைவை மாற்றுங்கள், இழுக்காதீர்கள். உயரத்தைச் சரி செய்த பிறகுதான் கம்பியைத் தொட வேண்டும். முதலில் கம்பியைத் தொட்டால் எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்ய வேண்டியிருக்கும்.

சித்தப்பா: ஒன்பதாவதின் கம்பியை நான் வெட்டிவிட்டேன்.

கயல்: எப்போது?

சித்தப்பா: பாயிண்டைப் பிடுங்கிய அன்றைக்கு. ஒரே பக்கம்தான். இன்னொரு பக்கம் நன்றாக இருக்கிறது.

கயல்: அந்தப் பக்கம்தான் லெவல் கிராஸிங்கில் இடித்தது.

சித்தப்பா: ஆமாம்.

கயல்: எடை பார்த்தீர்களா? எச்.ஓ.வில் ஒரு அவுன்ஸ், அதோடு நீளத்தில் அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். ஆறு அங்குலப் பெட்டி என்றால் நான்கு அவுன்ஸ், சுமார் 113 கிராம். இது கையில் எடுத்தால் காகிதம் மாதிரி இருக்கிறது.

சித்தப்பா: இன்ஜினுக்குப் பாரமாக இருக்குமே என்று உள்ளே இருந்த இரும்புத் தகட்டை எடுத்துவிட்டேன்.

கயல்: எதிலிருந்து? நீங்கள் சொல்ல வேண்டாம். எனக்கே தெரியும்.

சித்தப்பா: ஒன்பதாவது.

(எல்லாப் பெட்டியும் கேஜில் ஏறி இறங்கின. அடியில் இருந்த நம்பர்களைக் கயல் அழித்தாள். சித்தப்பா வாய் திறக்கவில்லை, ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெட்டிகளைக் கலைத்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு கையில் வந்ததை எல்லாம் கோர்த்து ஏற்றத்தில் விட்டார்கள். பிரியவில்லை. பின்னால் தள்ளிப் பார்த்தார்கள். அப்போதும் பிரியவில்லை.)

சித்தப்பா: பரவாயில்லையே.

கயல்: பரவாயில்லையா?

சித்தப்பா: நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது ஒரு சின்னச் சிக்கல். என் சிநேகிதர்கள் சில பேர் புதிதாக இதில் இறங்கியிருக்கிறார்கள். எங்கள் பெட்டிகளை எல்லாம் சேர்த்து ஒரு நீள வண்டியாக ஓட்டலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். கப்ளரை எப்படிச் சரி செய்வது என்று என்னைத்தான் கேட்டார்கள்.

கயல்: கண்ணளவு என்று சொன்னீர்களா?

சித்தப்பா: சேச்சே. வெறும் வாயால் சொன்னால் புரியுமா? மாதிரிக்கு என் பெட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பி, இதைப் பார்த்து உங்களுடையதை எல்லாம் சரி செய்துகொள்ளுங்கள் என்றேன். ஒவ்வொரு வீடாகப் போய்விட்டு முந்தாநாள்தான் திரும்பி வந்தது.

கயல்: எந்தப் பெட்டியை அனுப்பினீர்கள்?

சித்தப்பா: மற்றதெல்லாம் வேலையில் இருந்ததே அம்மா.

கயல்: எந்தப் பெட்டி, சித்தப்பா?

சித்தப்பா: அடிக்கடி கழன்று சும்மா கிடந்தது அது ஒன்றுதான்.