ரூய் கோமெஸ் ஜால்ரா இல்லை

சனிக்கிழமை ராத்திரி நடந்த அந்த லைவைப் பற்றித்தான் எழுதுகிறேன். யார் நடத்தியது என்று சொல்ல வேண்டியதில்லை, பாதிப் பேர் அங்கே இருந்தீர்கள். பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினின் எபோலி இளவரசி ஆனா த மெண்டோசாவின் கண்பட்டையைப் பற்றியும் காதல் வதந்திகளைப் பற்றியும் விலாவாரியாகப் பேசிவிட்டு, அவர் கணவர் ரூய் கோமெஸுக்கு ஒரே ஒரு வரி: "ராஜாவுக்குச் சட்டை மாட்டிவிட்டே பிரபு ஆன ஜால்ரா." உடனே சிரிப்பு எமோஜிகள் வரிசை கட்டின. எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

ரூய் கோமெஸ் த சில்வா ஜால்ரா இல்லை. அதிகாரம் உள்ள ஒருவர் பக்கத்தில் வருஷக்கணக்காக இருந்து, அவர் கோபத்தையும் சந்தேகத்தையும் தாங்கி, எதை எப்போது சொல்வது என்று அறிந்து நடப்பது ஒரு வேலை. ரொம்பக் கஷ்டமான வேலை. செய்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

சட்டை மாட்டிவிட்டார், உண்மை. ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப்பின் அந்தரங்க அறைக்குத் தலைமைப் பொறுப்பு அவரிடம் இருந்தது. காலையில் அரசருக்குச் சட்டையை எடுத்துக் கொடுப்பது, ராத்திரி அவர் அறையிலேயே படுத்துக்கொள்வது எல்லாம் அந்தப் பதவியோடு வருகிற கடமையும் உரிமையும். அதற்காகப் பெரிய பெரிய குடும்பத்துப் பிரபுக்கள் அடித்துக்கொண்டார்கள். காகிதக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து, எதற்கும் உடனே பதில் சொல்லாத அரசர் பிலிப். அப்படிப்பட்டவரிடம் தனியாகப் பேச வாய்ப்பு கிடைப்பது எத்தனை பெரிய விஷயம்! அது அந்த அறைக்குள்தான் கிடைத்தது.

இவர் பின்னணியைப் பாருங்கள். 1516-இல் போர்ச்சுகலின் சமூஸ்காவில் பிறந்தவர். சின்னப் பிரபு வீடு, அதிலும் இளைய மகன், சொத்து வராது. 1526-இல் போர்ச்சுகல் இளவரசி இசபெல்லா ஸ்பெயினை ஆண்ட ஐந்தாம் சார்லஸைக் கல்யாணம் செய்து வந்தபோது, அவர் பரிவாரத்தில் இருந்த தாத்தாவோடு ஸ்பெயினுக்கு வந்த பையன். அடுத்த வருஷம் பிலிப் பிறக்கிறார். பிலிப்புக்குப் பன்னிரண்டு வயது முடிவதற்குள் அம்மா இசபெல்லா இறந்துபோகிறார். அப்பா எப்போதும் ஏதாவது ஒரு தேசத்தில் போரில் இருக்கிறார். அந்தப் பிள்ளையின் கூடவே இருந்தவர் பதினொரு வயது மூத்த இந்த ரூய் கோமெஸ். இதில் ஜால்ரா எங்கே வந்தது?

"சரி, பாசம் இருந்தது, அதை வைத்துப் பதவி வாங்கிக்கொண்டார்" என்பீர்கள். வாங்கிக்கொண்டார். 1559-இல் எபோலி இளவரசர், 1572-இல் பாஸ்ட்ரானா டியூக். யார் வாங்கவில்லை? 1557-இல் பிரான்சோடு போர் நடக்கும்போது, காசும் ஆளும் திரட்டிக்கொண்டு வா என்று பிலிப் இவரைத்தான் ஃபிளாண்டர்ஸிலிருந்து ஸ்பெயினுக்கு அனுப்பினார். 1559-இல் அந்தப் போரை முடித்த சமாதானப் பேச்சில் ஸ்பெயின் தரப்பில் உட்கார்ந்தவர்களில் இவரும் ஒருவர். சட்டை மாட்டுகிறவர் மட்டும்தான் என்றால் அங்கே என்ன வேலை?

என் அப்பா ஒரு பெரிய அதிகாரியிடம் ஸ்டெனோவாக இருந்தவர். இரண்டு பக்கமும் சீவிய பென்சில் சட்டைப்பையில் எப்போதும் இருக்கும். அதிகாரி கோபமாக இருக்கிற நாளில் ஒரு ஃபைலை மேஜைக்கு அனுப்பாமல் தன் இழுப்பறையில் வைத்துக்கொள்வார். மறுநாள் காலையில் அது கையெழுத்தாகி வரும். அதனால் எத்தனை பேருக்கு இடமாற்றம் ரத்தானது என்று அப்பா வீட்டில்கூடச் சொன்னதில்லை. பணி ஓய்வு விழாவில் ஒருவர் மைக்கைப் பிடித்து, "ஐயா பின்னாடியே நடந்து நடந்து நம்மாளு செருப்புதான் தேய்ஞ்சுது" என்றார். அரங்கம் முழுக்கச் சிரிப்பு. அப்பாவும் சிரித்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். சனிக்கிழமை அந்த எமோஜிகளைப் பார்த்தபோது எனக்கு அந்த அரங்கம்தான் ஞாபகம் வந்தது.

அடுத்த கேள்வியும் தெரியும். டான் கார்லோஸ். 1568 ஜனவரி 18 ராத்திரி, சொந்த மகனைக் கைது செய்ய பிலிப் தலைக்கவசம் போட்டுக்கொண்டு போனபோது ரூய் கோமெஸும் கூடப் போனார். பிறகு இளவரசனைக் காவலில் வைக்கும் பொறுப்பும் அவருக்கே வந்தது. ஜூலையில் கார்லோஸ் செத்துப்போனான். அதற்கு ரூய் கோமெஸைக் குற்றவாளி ஆக்குகிறவர்கள், அன்றைக்கு அவர் மறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க வேண்டும். முடிவெடுத்தவர் கார்லோஸின் அப்பா பிலிப்.

அப்புறம் பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு முப்பத்தாறு வயது மாப்பிள்ளை. இதை நான் நியாயப்படுத்தப் போவதில்லை. ஏற்பாடு செய்தது பிலிப். மணமகளான ஆனா, பெரிய மெண்டோசா குடும்பத்தின் ஒரே வாரிசு. கல்யாணப் பேச்சு முடிந்தும் இரண்டு பேரும் சேர்ந்து வாழ்ந்தது சில வருஷம் கழித்துத்தான். அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஆனால் அந்தக் குடும்பம் அவர் இருந்தவரை நன்றாக இருந்தது. பத்துப் பிள்ளைகள், ஆறு பேர் வளர்ந்து ஆளானார்கள். மூத்த மகளை மெதினா சிதோனியா டியூக்குக்குக் கொடுத்தார்கள். 1588-இல் இங்கிலாந்தின் மேல் போன அர்மடா என்ற ஸ்பெயின் கடற்படைக்குத் தளபதியாக இருந்தவர் அந்த மாப்பிள்ளைதான். ஒரு மகன் பிற்பாடு துறவியாகி கிரனாடாவுக்குப் பேராயர் ஆனார்.

1569-இல் கன்னியாஸ்திரீ மடங்களை நிறுவிவந்த அவிலா தெரேசம்மாள் பாஸ்ட்ரானாவில் மடம் தொடங்கியபோது, ஆனாவுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. தெரேசம்மாளே எழுதியிருக்கிறார்: ரூய் கோமெஸின் நிதானத்தால்தான் இளவரசி இறங்கிவந்தார் என்று. 1573 ஜூலையில் ரூய் கோமெஸ் இறக்கிறார். இளவரசி ஆனா துக்கத்தில் அதே மடத்துக்குள் கன்னியாஸ்திரீயாகப் போய் உட்கார்ந்து எல்லாரையும் அதட்டுகிறார். 1574-இல் கன்னியாஸ்திரீகள் மடத்தையே காலி செய்துவிட்டு செகோவியாவுக்குப் போய்விட்டார்கள். ஒரு மனிதர் செய்துகொண்டிருந்த வேலை என்ன என்று தெரிய இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அரசவையிலும் அப்படித்தான். இவருக்கு எதிர் அணியில் இருந்த ஆல்பா டியூக், அவ்வளவு பெரிய தளபதி, அவரையே 1579-இல் பிலிப் ஊசேதா என்ற ஊருக்கு விரட்டினார். ரூய் கோமெஸைச் சாகும்வரை பிலிப் விலக்கவில்லை.

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். நண்பர் போய் ஆறு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. பிலிப்பின் தம்பிக்குச் செயலாளராக இருந்த எஸ்கோபெடோவின் கொலை வழக்கை ஒட்டி, 1579 ஜூலையில் ரூய் கோமெஸின் மனைவியைக் கைது செய்ய உத்தரவிட்டது அதே பிலிப். ரூய் கோமெஸ் வளர்த்துவிட்ட செயலாளர் அந்தோனியோ பெரெஸும் அதே ராத்திரி உள்ளே போனார். இளவரசியும் பெரெஸும் காதலர்கள் என்று இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. லைவில் அதுதான் முழு நேரமும் ஓடியது. இளவரசிக்கு முதலில் பிந்தோ கோபுரம், அப்புறம் சாந்தோர்காஸ் கோட்டை, 1581-இல் தங்கள் பாஸ்ட்ரானா அரண்மனையிலேயே சிறை. 1582-இல் பிள்ளைகள் மேலிருந்த உரிமையும் சொத்து நிர்வாகமும் பறிபோயின. ஜன்னல்களுக்குக் கம்பி அடித்தார்கள். 1592 பிப்ரவரியில் அங்கேயே இறந்துபோனார். சின்ன மகள், அவள் பெயரும் ஆனாதான், அம்மா கூடவே அந்த வீட்டுக்குள் இருந்தாள். அவள் என்ன குற்றம் செய்தாள்? நாற்பது வருஷத்துக்கு மேல் கூட இருந்தவரின் மகள் அவள். பிலிப் ஒரு தடவை நினைத்துப் பார்த்திருக்க வேண்டாமா?

"இதெல்லாம் நானூறு வருஷத்துக்கு முந்தைய கதை, இதுக்குப் போய் இவ்வளவு உணர்ச்சிவசப்படணுமா" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. லைவ் நடத்தியவருக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். அடுத்த பாகம் வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் கண்பட்டையை விட்டுவிடுங்கள். அந்தச் சின்ன மகளைப் பற்றியும் அவள் அப்பாவைப் பற்றியும் பேசுங்கள். "ஜால்ரா" என்று சொன்னதையும் அங்கேயே திரும்பப் பெறுங்கள்.