அந்த மூக்குக்கண்ணாடி அவருடையது இல்லையாம்

'இன்னார் வாழ்ந்த வீடு' என்று ஒரு பலகை கண்ணில் பட்டால் போதும், என் கால் தானாக உள்ளே போய்விடும். அப்படித்தான் ஒருமுறை ஓர் எழுத்தாளரின் வீட்டுக்குள் போனேன். மேசைமேல் விரித்து வைத்த நோட்டு, அதன்மேல் மூக்குக்கண்ணாடி, பக்கத்தில் மைக்கூடு. மனிதர் இப்போதுதான் எழுந்து கொல்லைப்பக்கம் போயிருக்கிறார் என்பது போல இருந்தது. கண்ணாடியின் ஒரு பக்கக் காம்பு லேசாக வளைந்திருந்தது. ஒருக்களித்துப் படுத்தபடியே படிக்கிற பழக்கம் போலிருக்கிறது என்று எனக்குள் ஒரு கதையே கட்டிவிட்டேன். வெளியே வரும்போது சும்மா இருக்காமல் அங்கிருந்த பணியாளரிடம் கேட்டுவைத்தேன். "அது அவரோடது இல்லைங்க. அந்தக் காலத்துக் கண்ணாடி, வாங்கி வச்சது" என்றார்.

எந்த வீடு என்று சொல்லப்போவதில்லை. அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வெறும் அறையைக் காட்டினால் யார் வருவார்கள் என்கிற பயம்தான். அந்தப் பயம் வீண் என்பதற்கு ஆம்ஸ்டர்டாமில் ஒரு கட்டடம் சாட்சியாக நிற்கிறது.

பிரின்சன்கிராக்ட் கால்வாய்க் கரையில் 263ஆம் எண். நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்தபோது எழுதிய நாட்குறிப்பால் உலகமே அறிந்த யூதச் சிறுமி ஆன் ஃபிராங்கின் அப்பா ஓட்டோ தொழில் நடத்திய இடம். அதன் பின்கட்டில்தான் 1942 ஜூலையிலிருந்து, பிடிபட்ட 1944 ஆகஸ்ட் 4 வரை அந்தக் குடும்பமும் மற்றவர்களுமாக எட்டுப் பேர் ஒளிந்திருந்தார்கள். பிடித்துப்போன பிறகு அறைகளில் இருந்த சாமான்களையும் நாஜிகள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் ஓட்டோ ஒருவர்தான். 1960இல் அது அருங்காட்சியகமானது. அறைகள் காலியாகவே இருக்கட்டும் என்றார் அவர். இன்றைக்கும் காலிதான். அதைப் பார்க்க வருடத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள்.

புத்தக அலமாரிக்குப் பின்னால் வாசல். உள்ளே போனால் ஏணி மாதிரி செங்குத்தான படி. படம் எடுக்க அனுமதி இல்லை, அது ஒரு நிம்மதி. யாருடைய கையும் முகத்துக்கு முன்னால் நீளவில்லை. ஓர் அறையில் பழைய சுவர்க்காகிதத்தின் மேல் பென்சில் கோடுகள். பிள்ளைகள் எவ்வளவு வளர்ந்தார்கள் என்று பெற்றவர்கள் சுவரில் குறித்துவைப்போமே, அதேதான். ஒளிந்திருந்த இரண்டு வருடத்தில் ஆன் 13 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருக்கிறாள். வெளியே கால் வைக்க முடியாத வீட்டில் வளர்ந்த உயரம். பக்கத்திலேயே பிரான்சின் நார்மண்டி பகுதி வரைபடம். நேச நாட்டுப் படைகள் முன்னேற முன்னேற அதில் குண்டூசி குத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள். அந்த அறையில் ஒரு கட்டிலும் நாற்காலியும் போட்டிருந்தால் என் கண் அதற்குத்தான் போயிருக்கும். கோடுகளைத் தாண்டி நடந்திருப்பேன்.

சரி, அறைகள் அப்போது எப்படி இருந்தன என்று தெரிய வேண்டாமா? அதற்குச் சின்ன மாதிரி வடிவங்கள் அங்கேயே இருக்கின்றன. மாதிரி மாதிரியாகவே இருக்கிறது, யாரையும் ஏமாற்றவில்லை. 2025 ஜனவரியில் நியூயார்க்கில், சாமான்கள் நிரப்பிய அதே அறைகளை முழு அளவில் செய்து காட்சிக்கு வைத்தார்கள். இதென்ன வேலை என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அப்புறம் யோசித்தால், ஆம்ஸ்டர்டாம் வரை போக முடியாத பிள்ளைகளுக்கு அது உதவும். இது செய்துவைத்தது என்று வருகிறவருக்குத் தெரிகிற வரை எனக்கு ஆட்சேபம் இல்லை.

இதற்கு நேர்மாறான கதை பிராங்க்பர்ட்டில். ஜெர்மன் கவிஞர் கதே பிறந்த வீடு 1944 மார்ச் 22 அன்று குண்டுவீச்சில் தரைமட்டமானது. அவர் இறந்ததும் ஒரு மார்ச் 22தான், 1832இல். சாமான்களில் பெரும்பாலானவற்றை முன்கூட்டியே வேறிடத்துக்கு மாற்றியிருந்ததால் அவை தப்பின. போர் முடிந்ததும் அதே இடத்தில் அதே அமைப்பில் வீட்டைத் திரும்பக் கட்டி, 1951இல் திறந்தார்கள். ஆக, அங்கே சாமான் பழசு, சுவர் புதுசு. ஆம்ஸ்டர்டாமில் சுவர் பழசு, சாமானே இல்லை. இடித்ததை இடித்தபடியே விட்டிருக்க வேண்டும் என்று அப்போது சிலர் எதிர்த்தார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. திரும்பக் கட்டிய வீடு என்பதை அவர்கள் மறைக்கவில்லையே.

என் எழுத்தாளர் வீட்டிலும் மேசை ஓரத்தில் ஒரு சீட்டு போதும். 'இவை அவர் பயன்படுத்தியவை அல்ல' என்று ஒரே வரி. மேசையில் எதுவும் மிஞ்சவில்லை என்றால் மேசையைக் காலியாகவே விடலாம். அவர் கை பட்ட ஜன்னல் கம்பி அங்கேயேதான் இருந்தது. நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கண்ணாடியிலேயே நின்றுவிட்டேன்.

அந்த வளைந்த காம்பு மட்டும் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. யாரோ ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு படுத்தபடி படித்திருக்கிறார்தான். அவர் யாரென்று பணியாளருக்கும் தெரியவில்லை.