வைட்டமின் டி பாக்கெட்டும் கர்ப்பப்பைக் கட்டியும்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘ஃபைப்ராய்டு’ (கர்ப்பப்பையில் வளரும் தசைக்கட்டி) என்று வந்துவிட்டால் போதும், வாரத்துக்கு ஒரு வைட்டமின் டி பாக்கெட்டைப் பாலில் கலந்து குடித்தால் கட்டி கரைந்துவிடும் என்று யாராவது ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். முழுப் பொய் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஆய்வுகள் சொன்ன இடத்தைத் தாண்டி இந்தப் பேச்சு வெகுதூரம் போய்விட்டது.

அமெரிக்காவின் வாஷிங்டனில் 35 முதல் 49 வயது வரையிலான 1,036 பெண்களை, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்கேன் செய்து, ரத்தத்தில் வைட்டமின் டி அளவையும் பார்த்த ஆய்வு 2013இல் வெளியானது. ஒரு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்கு மேல் இருந்த பெண்களிடம் கட்டி இருப்பதற்கான சாத்தியம் 32 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. அந்த ஆய்வில் கறுப்பினப் பெண்களில் பத்தில் ஒருவருக்குத்தான் போதுமான அளவு இருந்தது. வெள்ளையினப் பெண்களில் பாதிப் பேருக்கு இருந்தது. தோல் கறுத்திருந்தால் அதே அளவு வைட்டமின் உருவாக அதிக நேரம் வெயில் தேவைப்படும் என்பதால், வெயிலுக்குப் பஞ்சமில்லாத நம் ஊரிலும், நாள் முழுக்கக் கட்டடத்துக்குள்ளேயே வேலை பார்க்கும் பெண்களிடம் இந்தக் குறைபாடு பரவலாக இருப்பதில் வியப்பில்லை.

எனினும், கட்டியும் குறைபாடும் ஒருவரிடமே இருப்பதால் ஒன்றினால்தான் மற்றது வந்தது என்று ஆகிவிடாது. உடல் பருமன் வைட்டமின் டி அளவைக் குறைக்கும்; கட்டியோடும் அதற்குத் தொடர்பு உண்டு. எலிகளின் உடலில் வைட்டமின் டியின் செயல்வடிவத்தை மூன்று வாரம் தொடர்ந்து செலுத்தியபோது கட்டிகள் வெகுவாகச் சுருங்கியது உண்மைதான் (2012), ஆனால் அது எலி. அமெரிக்காவின் டெட்ராய்டு நகரில் இளம் கறுப்பினப் பெண்களைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வில், போதுமான அளவு உள்ளவர்களிடம் கட்டி வளரும் வேகம் சுமார் பத்து விழுக்காடு குறைவாக இருந்தது. வளர்ச்சி சற்று மட்டுப்படலாம் என்பதைத்தான் நாம் ‘கரைகிறது’ என்று பரப்பிக்கொண்டிருக்கிறோம்.

என் கவலை வேறு. சித்தி மகள் ஒருத்தி, “அக்கா, பாக்கெட் குடிக்கிறேன், டாக்டரை அப்புறம் பார்த்துக்கலாம்” என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டாள். நாப்கினை மணிக்கொரு முறை மாற்ற வேண்டிய நிலையில் இருந்தவள், மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குவதை வேலைக் களைப்பு என்று நினைத்திருந்தாள். பிறகு பார்த்தபோது ஹீமோகுளோபின் ஏழு. அவளுக்கு உடனடியாகத் தேவைப்பட்டது இரும்புச்சத்தும் ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்தும்தான். கர்ப்பப்பையின் உள்சுவரை ஒட்டித் துருத்தியிருக்கும் சிறு கட்டி, வெளிப்புறம் வளர்ந்த பெரிய கட்டியைவிட அதிகமாக உதிரம் போகவைக்கும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் எல்லோரும் ‘எத்தனை சென்டிமீட்டர்’ என்றுதான் கேட்கிறோம்.

இதற்கு நேர்மாறாக, கட்டி என்றதும் கர்ப்பப்பையையே எடுத்துவிடச் சொல்லும் அவசரமும் இங்கே உண்டு, அதையும் நான் ஏற்கவில்லை. தொந்தரவு தராத கட்டியை அவ்வப்போது ஸ்கேன் செய்து கண்காணித்தாலே போதும். மாதவிடாய் நின்றபின் பெரும்பாலான கட்டிகள் தாமாகவே சுருங்கும். மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம், கட்டியை மட்டும் அகற்றும் அறுவைச் சிகிச்சை என வேறு வழிகளும் இருக்கின்றன.

பரிசோதனையில் வைட்டமின் டி குறைவு என்று தெரிந்தால், மருத்துவர் சொல்லும் காலம் வரை எடுத்துக்கொள்ளுங்கள். எலும்புக்காகவாவது அது தேவை. ஆனால் ஒரு பாக்கெட்டில் 60,000 யூனிட் இருப்பதை மறக்க வேண்டாம். வாரம் ஒன்று என்று எழுதிக்கொடுத்ததைத் தினம் ஒன்று என்று குடித்து, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் சிறுநீரகப் பாதிப்புமாக மருத்துவமனைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.