அகலமாக்கினார்கள், இரண்டாக்கவில்லை

கொழும்புக்கு வேலைக்குப் போகிற களனிவெளிக் கோச்சியில், அதாவது ரயிலில், இன்றைக்கும் நுகேகொடையில் இருபது நிமிடம் நின்றோம். எஞ்சினில் பழுதில்லை, வெள்ளமில்லை, தண்டவாளத்தில் மாடும் இல்லை. ஒற்றைப் பாதைதானே, மருதானைப் பக்கமிருந்து எதிர்க் கோச்சி வர வேண்டுமாம், அது வந்தால்தான் நாங்கள் நகரலாமாம். அது பிந்தினால் நாங்கள் பிந்துவோம், நாங்கள் பிந்தினால் பின்னால் மஹரகமவில் நிற்கிற சனம் பிந்தும், அப்படியே பின்னேரம் வீட்டுக்குப் போகிற கோச்சி வரைக்கும் அந்தப் பிந்தல் போய்ச் சேரும்.

இந்தக் களனிவெளிப் பாதை அவிசாவளையைத் தொட்டது 1902இல். தோட்டத்து ரப்பரையும் தேயிலையையும் இறக்க வெள்ளைக்காரன் போட்ட இரண்டரை அடிக் குறும்பாதை, வளைவுக்கு மேல் வளைவு. அவனுக்கு அது போதும். ரப்பர் ஷீட் காலை எட்டரைக்குக் கைரேகை வைக்க ஓட வேண்டியதில்லையே. 1990களில் அதை ஐந்தரை அடி அகலப் பாதையாக மாற்றினார்கள். சரி, சந்தோஷம். ஆனால் அதே ஒற்றைப் பாதை, பெரும்பாலும் அதே வளைவுகள், அதில் பெரிய பெட்டிகள் நெளிந்து நெளிந்து ஊர்கின்றன. உள்ளே நாங்கள் கதவில் தொங்குகிறோம்.

வெள்ளவத்தையில் இருக்கிற என் மச்சான் கரையோரக் கோச்சியில் கடற்காற்று வாங்கிக்கொண்டு கொழும்பு கோட்டைக்குப் போகிறான். அங்கே போக ஒரு பாதை, வர ஒரு பாதை. நாங்களும் அதே சீசன் டிக்கெட்தானே எடுக்கிறோம்?

இரட்டைப் பாதை என்று வாயைத் திறந்தால் உடனே ஓரத்து வீடுகளைக் காட்டுகிறார்கள். உண்மைதான், சில இடங்களில் ஜன்னலால் கையை நீட்டினால் கொடியில் காய்கிற சாரத்தை எடுத்துவிடலாம். அந்தச் சனத்தைத் தெருவில் விடச் சொல்லி யார் கேட்டது? முதலில் வீட்டைக் கட்டிக் கொடுங்கள், பிறகு பாதையைப் போடுங்கள். தூண் மேல் பாதை போடுகிற கதை கூட வந்தது. அந்தக் கதைகளை எல்லாம் அடுக்கியிருந்தால் அதன் மேலேயே ஒரு பாதை போட்டிருக்கலாம். அவிசாவளை வரைக்கும் கேட்கவில்லை ஐயா, ஹோமாகம வரைக்குமாவது இன்னொரு பாதை. அதுவும் முடியாதென்றால் எதிர்க் கோச்சிக்கு ஒதுங்கி நிற்க இன்னும் நாலு ஸ்டேஷனிலாவது பக்கப் பாதை போடுங்கள்.

138 பஸ்ஸில் வரலாமே என்று சொல்ல வருகிறவர்கள் ஒருநாள் காலையில் ஹைலெவல் வீதியில் நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

ஒன்பதே காலுக்கு வேலைக்குப் போனேன். ஏன் பிந்தினது என்று மேனேஜர் கேட்டார். "எதிர்க் கோச்சி வரல்ல சேர்" என்றேன். "நேற்றும் அதைத்தானே சொன்னீங்க" என்றார். நேற்றும் அது வரல்லையே!