சுஷிக் கடையில் முதலில் சோற்றைச் சாப்பிட்டுப் பாருங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒரு சுஷிக் கடையில் இருந்தேன். சுஷி என்றால் புளிப்புச் சேர்த்த சோற்றோடு மீனோ காயோ வைத்துத் தருகிற ஜப்பான் சாப்பாடு. பக்கத்து மேசையில் ஒரு குடும்பம். தட்டு வந்ததும் அந்த வீட்டுப் பெரியவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். பிறகு கடைக்காரத் தம்பியைக் கூப்பிட்டு, "என்ன தம்பி, பழைய சோத்த உருட்டி வெச்சுட்டு இருநூத்தம்பது ரூவாங்கிறீங்க?" என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். தம்பி பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். எனக்குத்தான் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடை தஞ்சாவூரில், மெடிக்கல் காலேஜ் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில் இருக்கிறது. ஐந்து மேசைதான். தம்பிக்குச் சொந்த ஊர் பேராவூரணிப் பக்கம். சிங்கப்பூரில் ஒரு சுஷிக் கடைச் சமையற்கட்டில் 11 வருடம் இருந்துவிட்டு வந்தவர். கடைப் பெயரைப் போடவில்லை. விளம்பரம் என்று யாராவது எடுத்துக்கொண்டால் நான் சொல்ல வந்தது அடிபட்டுப் போகும்.

நம் ஊர் ஆட்கள் அந்தக் கடையை மீனை வைத்து எடை போடுகிறார்கள். எத்தனை துண்டு, எவ்வளவு பெரிசு, பச்சையா வெந்ததா, இதுதான் பேச்சு. சுஷியில் பார்க்க வேண்டியது சோறு. சோழநாடு சோறுடைத்து என்று சொல்லிக்கொள்கிற நமக்கே அது தெரியாமல் போனால் வேறு யாருக்குத் தெரியும்?

அந்தப் பெரியவர் பழைய சோறு என்றார் அல்லவா, அதில் ஓர் உண்மை இருக்கிறது. சுஷி என்ற சொல்லே புளிப்பு என்ற பொருளிலிருந்து வந்ததுதான். ஆதியில் அது மீனைக் கெடாமல் வைக்கும் வழி. உப்பிட்ட மீனைச் சோற்றுக்குள் புதைத்து மாதக்கணக்கில் அழுத்தி வைப்பார்கள். சோறு புளிக்கும், அந்தப் புளிப்பு மீனைக் காப்பாற்றும். கடைசியில் மீனைத் தின்றுவிட்டுச் சோற்றை எறிந்துவிடுவார்கள். ஜப்பானில் பிவா ஏரிக் கரையில் இன்றும் அப்படிச் செய்கிறார்கள். காலப்போக்கில் சோற்றையும் சேர்த்தே சாப்பிடத் தொடங்கினார்கள். அப்புறம், புளிக்கும்வரை காத்திருக்காமல் வினிகரைக் கலந்தால் போதும் என்று ஆயிற்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இன்றைய டோக்கியோவான எடோ நகரத் தெருக்கடைகளில் நின்றபடியே வாங்கித் தின்ற அவசரச் சாப்பாடுதான் இப்போது நாம் பார்க்கிற நிகிரி, அதாவது கையால் பிடித்த சோற்று உருண்டைமேல் ஒரு துண்டு மீன். ஆடிப்பெருக்குக்குப் புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போகிற நமக்கு, புளிப்பேறிய சோறு ஆறியபின் தனி ருசி என்பதை யாராவது சொல்லித்தர வேண்டுமா?

தம்பி சோறு தயார் செய்வதை ஒருநாள் பக்கத்தில் நின்று பார்த்தேன். அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை ஏழெட்டுத் தடவை கழுவினார். அரைமணி நேரம் ஊறவிட்டார். அளந்து தண்ணீர் வைத்தார், கஞ்சி வடிக்கிற பேச்சே இல்லை. வெந்த சோற்றை அகலமான மரத்தொட்டியில் கவிழ்த்து, சூடு இருக்கும்போதே அரிசி வினிகரும் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரை மேலே தெளித்தார். பிறகு கரண்டியை வைத்துக் கிளறாமல், மரத்துடுப்பைச் சாய்த்துப் பிடித்து, கத்தியால் கீறுவதுபோலக் கீறிக்கீறிப் பிரித்தார். இடது கையில் பனையோலை விசிறி. வீசிக்கொண்டே இருந்தார். இரண்டு மூன்று நிமிடத்தில் சோறு மினுமினுக்கத் தொடங்கியது. ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாகத் தெரிகிறது, ஆனால் ஒன்றையொன்று விடவும் இல்லை. அந்த விசிறி திருக்காட்டுப்பள்ளியில் அவருடைய பாட்டி வீட்டில் இருந்ததாம். ஜப்பானிலும் விசிறியால்தான் ஆற்றுகிறார்கள், நம் பனையோலைதான் கைக்கு இன்னும் வாகாக இருக்கிறது என்றார்.

அந்தச் சோறு உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் மாவுச்சத்து இறுகி, பருக்கை விறைத்துவிடும். சென்னையில் ஒரு பெரிய ஹோட்டலில் ஒரு முறை சாப்பிட்டேன். இங்கே கொடுப்பதைப்போல நாலு மடங்கு விலை. சோறு பல்லில் ஐஸ் மாதிரி ஒட்டியது, அதை மறைக்க மேலே முழுக்க மயோனைஸ். அதையும் படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் தம்பி கடையில் வேறு மாதிரி நடந்தது. சித்திரையில் ஒரு ராத்திரி ஒன்பது மணிக்குப் போனேன். தொட்டியில் ஈரத்துணிக்குக் கீழே சோறு இருந்தது, என் கண்ணுக்கே தெரிந்தது. ஒரு பருக்கையை எடுத்து விரலில் நசுக்கிப் பார்த்தார். "சோறு இறுகிடுச்சுண்ணே. இனி பிடிச்சா நல்லாருக்காது. நூடுல்ஸ் சூப் தரட்டுமா, இல்ல நாளைக்கு வர்றீங்களா?" என்றார். அன்றைக்குக் கடையில் என்னைத் தவிர இரண்டே பேர். வியாபாரம் இல்லாத நாளிலும் இறுகிய சோற்றை விற்க மனம் வராதவரைத்தான் அந்தப் பெரியவர் பழைய சோறு என்று சொன்னார். எனக்கு வலித்தது அதனால்தான்.

சரி, மீனுக்கு வருவோம். இங்கே தம்பியிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. சாப்பிட வருகிறவர்கள் சால்மன் கேட்கிறார்கள் என்று வெளிநாட்டிலிருந்து உறைநிலையில் வருவதை வாங்கி வைக்கிறார். அதில்தான் அவர் காசு முழுக்கப் போகிறது. சால்மன் இல்லாவிட்டால் சுஷியே இல்லை என்கிற மாதிரிப் பேசுகிறார்கள். ஜப்பானியர்களே சால்மனைப் பச்சையாக வைத்துச் சுஷி சாப்பிடப் பழகியது 1980களில் நார்வே தன் வளர்ப்பு சால்மனை அங்கே விற்க முயன்ற பிறகுதான். அவர்கள் கடலில் கிடைத்த சால்மனில் புழு இருக்கும் என்று அதுவரை வேகவைத்தும் சுட்டும்தான் தின்றார்கள். ஐஸ் இல்லாத காலத்து எடோ தெருக்கடைகளிலும் மீனை அப்படியே பச்சையாக வைத்தது குறைவு. இறாலை அவித்தார்கள், விலாங்கைக் கொதிக்கவிட்டார்கள், சிலவற்றை உப்பிலும் வினிகரிலும் சோயா சாஸிலும் ஊறவைத்தார்கள்.

அப்படியானால் மல்லிப்பட்டினத்து நண்டு என்ன குறைச்சல்? நாகப்பட்டினத்துக் கணவாய் என்ன குறைச்சல்? இறால் குட்டைகளுக்கு நம் கடற்கரைப் பக்கம் பஞ்சமே இல்லை. தம்பி சில நாள் இறால் போடுவார். வளையாமல் இருக்க மூங்கில் குச்சியை உடம்பு நீளத்துக்குச் செருகி அவித்து, உரித்து, வயிற்றுப் பக்கம் பிளந்து சோற்றின்மேல் விரிப்பார். அந்த இறாலின் இனிப்பும் சோற்றின் புளிப்பும் சேரும்போது சால்மன் ஞாபகமே வராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத மீன்பிடித் தடைக்காலத்திலும் குட்டை இறால் கிடைத்துக்கொண்டுதான் இருக்கும். சால்மன் காசில் பாதியைக் குறைத்து இதில் போடுங்கள் என்று பார்க்கும்போதெல்லாம் சொல்கிறேன். கேட்கிறவர்கள் மாறினால் நான் மாறுவேன் என்கிறார். நியாயம்தான். மாற வேண்டியது நாம்தான்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் சந்தை மீனைப் பச்சையாக வெட்டி முயற்சி செய்யாதீர்கள். பச்சையாகத் தின்கிற மீனைப் புழு சாக மைனஸ் 20 டிகிரியில் 7 நாளாவது உறைய வைக்க வேண்டும், வீட்டு ஃபிரிட்ஜை அதற்கு நம்ப முடியாது. ஆற்று மீன், குளத்து மீன் பச்சையாக வேண்டவே வேண்டாம்.

அப்பாவை அங்கே கூட்டிப்போன கதையைச் சொல்லாமல் முடிக்க முடியாது. அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. பாபநாசம் பக்கம் எங்களுக்கு மூன்று மா நிலம், இன்றும் குறுவை போடுகிறார். மீன் வேண்டாம் என்றதால் வெள்ளரிக்காய் வைத்துக் கடற்பாசித் தாளில் சுருட்டியதைக் கொடுத்தார் தம்பி. அப்பா தாளைப் பிரித்துச் சோற்றை மட்டும் இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தார். "இது வடிக்காத சோறு. என்ன அரிசி தம்பி?" என்றார்.

"ஜப்பான் ரகங்கய்யா. குட்டை அரிசி. நம்ம பொன்னிப் பச்சரிசில பாத்தேன், ஆறுனதும் விறைச்சுப் போவுது."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நான் பள்ளிக்கூடம் போற வயசுல எங்கப்பா ஆடுதுறை 27 போட்டாங்க. இதுக்குத் தகப்பன் ஜப்பான் நெல்லுன்னு அப்ப கிராமசேவக் சொன்னாரு" என்றார்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். அப்பா சொன்னது சரி. 1960களின் நடுவில் தஞ்சை மாவட்டக் குறுவையில் பரவிய ஆடுதுறை 27, ஜப்பானின் நோரின் 10 ரகத்தையும் கோயம்புத்தூரின் ஜி.இ.பி. 24 ரகத்தையும் சேர்த்து உருவாக்கியது. ஒடிசாவின் கட்டாக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1950களில் ஜப்பான் வகை நெல்லையும் நம் வகை நெல்லையும் கலந்து பார்த்த திட்டத்தின் பிள்ளை அது. நாம் தினமும் தின்கிற பொன்னிக்கு மூலமான மலேசியாவின் மசூரியும் அதே திட்டத்தில் பிறந்ததுதான், அதற்குத் தைவானில் உருவான ஜப்பான் வகை நெல் ஒரு பக்கத்து உறவு. காவிரியின் பெயரைத் தாங்கிய நெல்லுக்கு அப்படி ஒரு சொந்தம் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பொன்னி ஏன் ஒட்டவில்லை என்பதற்கும் காரணம் இருக்கிறது. மாவுச்சத்தில் அமைலோஸ் என்று ஒரு பகுதி. அது அதிகமானால் சோறு உதிரியாக வரும், ஆறினால் விறைக்கும். ஜப்பான் அரிசியில் அது குறைவு. உதிரிச் சோறு கேட்டு கேட்டு நாம் நெல்லை அந்தப் பக்கமே தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். புது அரிசி மட்டும் குழையும், பொங்கல் வைக்கிறவர்களுக்கு அது தெரியும்.

அப்பா அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். புரட்டாசியில் குறுவை அறுத்ததும், அரைத்த கையோடு பத்துக் கிலோ பச்சரிசி கொண்டுவந்து தருகிறேன், பழைய அரிசியில் பார்த்துவிட்டு முடியாது என்று சொல்லாதே என்று தம்பியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஜப்பான் அரிசியோடு பாதிக்குப் பாதி கலந்து பார்க்கலாம் என்று தம்பி ஒப்புக்கொண்டிருக்கிறார். கடைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, அன்றைக்குத்தான் சமைத்துப் பார்க்கப் போகிறார்கள். அன்றைக்கு அந்தப் பெரியவரையும் கூப்பிட வேண்டும் என்று இருக்கிறது. அவரை யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.